சாலையில் பெரிய விலங்கு: லாரி ஓட்டுநர் மோதலுக்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

மாட்டின் மீதோ மானின் மீதோ லாரி மோதினால் முன்பக்கம் நசுங்கும், ரேடியேட்டர் உடையும். ஓட்டுநர் பெரும்பாலும் தானே இறங்கி வந்துவிடுவார். விலங்கைத் தவிர்க்க ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதுதான் வண்டி கவிழ்கிறது, அல்லது எதிர்ப்பாதையில் ஏறுகிறது. உயரமாக லோடு ஏற்றிய டிரெய்லர் 0.35 முதல் 0.4 ஜி (அதாவது புவியீர்ப்பின் 35 முதல் 40 சதவீதம்) பக்கவாட்டு விசையிலேயே கவிழக்கூடும். சாதாரணக் கார் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தாங்கும். ஒரு பக்கம் ஒடித்து உடனே மறுபக்கம் திருப்பி நேராக்குவது இன்னும் மோசம். முன்வண்டியின் ஆட்டம் டிரெய்லருக்குப் போகும்போது பெருகும், பின்பக்கம்தான் முதலில் சாயும். பாதி நிரம்பிய டேங்கர் என்றால் உள்ளே இருக்கும் திரவமும் ஒரு பக்கமாக அலைந்து தள்ளும்.

வெளிச்சத்துக்குள் நிற்கும் வேகம்

மணிக்கு 80 கி.மீ. என்றால் வினாடிக்கு 22 மீட்டர். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி. அதற்குள் 33 மீட்டர் போய்விடும். ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியே போய்ச் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்க இன்னும் அரை வினாடி, 11 மீட்டர். அதற்குப் பிறகு, காய்ந்த தார்ச்சாலையில், பிரேக் நல்ல நிலையில் இருந்தால், நிற்க 50 மீட்டர். மொத்தம் 94 மீட்டர். டிம் லைட்டில் ஒரு எருமை கண்ணுக்குத் தெரிவதோ ஏறக்குறைய 50, 60 மீட்டரில்தான். வேகத்தை 60-க்குக் குறைத்தால் நிற்கும் தூரம் சுமார் 61 மீட்டராகிறது. அதாவது டிம் லைட்டில் 60 கி.மீ. வேகமே விளிம்பில்தான் இருக்கிறது. மழை பெய்தால் அதுவும் கூடாது. எதிரே வண்டி இல்லாதபோதெல்லாம் பிரைட் போடுங்கள். ஹெட்லைட் கண்ணாடியில் படிந்த சேறும் பூச்சியும் வெளிச்சத்தைப் பெருமளவு தின்றுவிடும். இருட்டுவதற்கு முன் ஒருமுறை நிறுத்தித் துடைப்பது வீண் வேலையில்லை.

கண் பளபளப்பை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். மான், மாடு, குதிரை ஆகியவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. ஆனால் தலை உங்கள் பக்கம் திரும்பியிருந்தால்தான் அது மின்னும். மேயும் விலங்கின் தலை தரையில் இருக்கும். பன்றிக்கு அந்தப் படலமே கிடையாது. இன்னொரு சிக்கல் லாரிக்கே உரியது: அந்த ஒளி வந்த வழியே ஹெட்லைட்டை நோக்கித்தான் திரும்பும், ஓட்டுநரின் கண்ணோ விளக்குக்கு வெகு மேலே இருக்கிறது. கார்க்காரருக்குப் பளிச்சென்று தெரிவது லாரி ஓட்டுநருக்கு மங்கலாகத் தெரியலாம். ஆகையால் இல்லாமல் போகும் வெளிச்சத்தைத் தேடுங்கள். சாலையோர ரிஃப்ளெக்டர் ஒன்று சட்டென மறைந்து மறுபடி தெரிந்தால், எதிர் வண்டியின் விளக்குக்குக் குறுக்கே இருட்டாக ஏதோ நகர்ந்தால், தூரத்து வெள்ளைக் கோடு நடுவில் அறுந்து தெரிந்தால், அங்கே ஏதோ நிற்கிறது. என்னவென்று புரியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

விடியலும் அந்தியும்தான் மோசமான நேரம். காடு வயலைத் தொடும் இடம், பாலம், ஓடை, வேலி அறுந்த இடம், பனிக்காக உப்பு தூவிய சாலையோரம் ஆகியவை மோசமான இடங்கள். கால்நடைகள் இரவில் தார்ச்சாலையிலேயே படுத்துக்கொள்ளும். படுத்திருக்கும் மாடு நிற்கும் மாட்டைவிடத் தாமதமாகத்தான் தெரியும். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே வேகம் எடுக்கக் கூடாது. பின்னாலேயே குட்டியோ கூட்டமோ வரும்.

அந்த மூன்று வினாடிகள்

பிரேக்கை முழுதாக மிதியுங்கள். ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் மிதியை விட்டு விட்டு மிதிக்கத் தேவையில்லை, அழுத்தியபடியே இருங்கள். இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குச் சற்று முன்பே நிறுத்தி, பூட்டினால் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டும். ஈரச் சாலையில் எக்ஸாஸ்ட் பிரேக்கோ ரிடார்டரோ (மிதி பிரேக் இல்லாமலே வேகத்தைக் குறைக்கும் துணை பிரேக்குகள்) ஓடிக்கொண்டிருந்தால் பின்சக்கரம் மட்டும் இழுபட்டு டிரெய்லர் மடங்கும். மழையில் அதை முன்கூட்டியே அணைத்து வையுங்கள். ஹார்னை ஒரே நீளமாக அடியுங்கள். மான் வெளிச்சத்தைப் பார்த்து உறைந்து நின்றால் பிரைட்டை டிம்முக்கு இறக்குங்கள். கண் தெளிந்தால்தான் அது நகரும்.

ஸ்டீயரிங் நேராகவே இருக்கட்டும். வேகம் நன்றாகக் குறைந்துவிட்டது, உங்கள் பாதைக்குள்ளேயே இடம் இருக்கிறது என்றால் மட்டும் விலங்கின் பின்பக்கத்தை நோக்கி மெல்ல நகரலாம். அது பெரும்பாலும் முன்னோக்கித்தான் ஓடும். தாவித் திரும்பி வந்த வழியே ஓடுவதும் உண்டு, அதனால் இதற்கு உத்தரவாதமில்லை.

உயரமான விலங்குகள் வேறு கணக்கு. ஒட்டகம், குளிர்நாடுகளின் மூஸ் என்ற பெரிய மான் போன்றவற்றுக்கு உடல் நீண்ட கால்களின் மேல் இருக்கிறது. பம்பர் காலைத் தட்டிவிட, பல நூறு கிலோ எடை விண்ட்ஷீல்டுக்கு வரலாம். முன்மூக்கு இல்லாத கேபினில் உங்கள் முழங்காலுக்கும் வெளியுலகுக்கும் நடுவே மெல்லிய தகடுதான். சீட் பெல்ட் இல்லாவிட்டால் முழு பிரேக்கிலேயே ஸ்டீயரிங்கில் போய் மோதுவீர்கள். யானை சாலையில் நின்றால் மோதலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், டிப்பர் அடிக்க வேண்டாம், விளக்கைத் தாழ்த்துங்கள். என்ஜினை முறுக்காமல் ஓடவிட்டு, பின்னால் வருபவருக்கு ஹசார்டு போடுங்கள். அது போகும்வரை இறங்கக் கூடாது.

மோதிய பிறகு

ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஹசார்டு போட்டு, வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பாருங்கள். வெப்பம் ஏறினால் என்ஜினை உடனே நிறுத்துங்கள், ரேடியேட்டர் போய்விட்டது. கண்ணாடியில் இருபுறமும் பார்த்து, விலங்கு எங்கே கிடக்கிறது, உயிர் இருக்கிறதா என்று தெரிந்த பிறகே இறங்குங்கள். அடிபட்ட மாடோ மானோ கடைசி மூச்சிலும் உதைக்கும், கொம்பால் குத்தும். இழுத்துப் போட முயலாதீர்கள். பளிச்சென்ற ஜாக்கெட் போட்டு எச்சரிக்கை முக்கோணங்களை வையுங்கள்: இருவழிச் சாலையில் வண்டிக்கு 30 மீட்டர் முன்னும் பின்னும், வளைவு இருந்தால் அதற்கு அப்பாலும். போலீசுக்கோ வனத்துறைக்கோ சொல்லிவிடுங்கள். சாலையில் கிடக்கும் உடல்தான் அடுத்த விபத்தைத் தருகிறது. இரத்தத்தைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இறைச்சியை எடுத்துச் செல்வது பல இடங்களில் குற்றம்.

வண்டியைச் சோதிக்கும்போது முன்னாலிருந்து தொடங்குங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் பெரும்பாலும் இன்டர்கூலர் (டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) இருக்கும். அதில் விரிசல் விட்டால் கூலண்ட் ஒழுகாது. வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும். ஓட்டுநர்கள் இதை அடிக்கடி தவறவிடுகிறார்கள், பத்து கிலோமீட்டர் போன பிறகே தெரிகிறது. மின்விசிறி எதிலாவது உரசுகிறதா பாருங்கள். ரேடியேட்டர் துடுப்புகளில் ரோமமும் சதையும் அடைத்திருந்தால் மெதுவான தண்ணீரால் என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். பிரஷர் பம்ப் துடுப்பை மடக்கிவிடும். பிறகு கீழே குனிந்து ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க், டை ராடு கம்பிகள், பவர் ஸ்டீயரிங் ஹோஸ், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் டார்ச் வைத்துப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் ஓட்டக் கூடாது, ரெக்கவரி வண்டி கூப்பிடுங்கள்.

காற்றுக் கசிவுக்கு ஒரு சோதனை: சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அழுத்தம் முழுதாக ஏறியதும் என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். டிரெய்லரோடு அழுத்தம் 0.3 பார் (bar) அளவுக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. டிரெய்லரின் அடியையும் விடாதீர்கள். உருண்டு போன உடல் ஏர் குழாயை அறுக்கும், டீசல் டேங்கைக் குத்தும். இரட்டை டயர்களுக்கு நடுவே எலும்பு செருகியிருக்கும். டேங்கில் சின்ன ஓட்டை என்றால் குளியல் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்தால் ஒர்க்‌ஷாப் வரை தாங்கும்.

படங்களை வண்டியை நகர்த்தும் முன் எடுங்கள்: ரோமம் ஒட்டிய பம்பர், பிரேக் தடம், சாலை, விலங்கு. டேஷ்கேம் பதிவை உடனே பூட்டி வையுங்கள், இல்லையேல் அதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். விலங்கை மோதியதையும், விலங்கைத் தவிர்க்கப் போய் மரத்தில் மோதியதையும் ஒரே மாதிரி நடத்தாத இன்சூரன்ஸ் பாலிசிகள் உண்டு. ரோமப் படம் அங்கே உதவும்.

வாங்கும் பொருள்கள் பற்றி ஒரு வார்த்தை. பம்பரில் ஒட்டும் விசில்கள் மானை விரட்டும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை, காசை ஹெட்லைட் பல்புக்குச் செலவழியுங்கள். தானியங்கி அவசர பிரேக் வண்டிகளையும் மனிதர்களையும் நினைத்து வடிவமைத்தது, விலங்குகளை நம்பகமாக அடையாளம் காணாது. இரும்பு முன்காப்புக் கம்பி சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் ரேடியேட்டரைக் காப்பாற்றும். ஆனால் அது சேஸியில் பூட்டியிருக்க வேண்டும், பம்பரில் தொங்கக் கூடாது. முன் ஆக்சிலின் எடை வரம்பை மீறவோ, அவசர பிரேக்குக்கான ரேடாரின் பார்வையை மறைக்கவோ கூடாது.

எல்லாம் சரியென்று கிளம்பினாலும் முதல் 10 கிலோமீட்டரை 40 வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, முன்சக்கர ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். தீய்ந்த ரோம வாசனை வந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் ஒட்டியிருப்பதை ஆறவிட்டுச் சுரண்டி எடுத்த பிறகே மேலே போங்கள்.