சந்தியின் பழைய பெயரைக் கண்டுபிடிக்க ஒரு கொண்டக்டரின் வழி

இலங்கையின் வடக்கே கிளிநொச்சிப் பக்கம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன் நான். பலகையில் என்ன எழுதியிருந்தாலும், சனம் எந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்கிறதோ அதுதான் எனக்கு அந்தச் சந்தியின் பெயர். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் சந்தி' என்று ஒப்படை கொடுத்தார்கள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரின் வாலைப் பாருங்கள். 'அடி' என்று முடிந்தால் அங்கே ஒரு மரம் நின்றிருக்கும், உருத்திரபுரத்துக் கூழாவடி மாதிரி. 'கட்டை' என்றால் மைல்கல். வீதி கிலோமீற்றருக்கு மாறி எவ்வளவு காலம், 155ஆம் கட்டை இன்னும் 155ஆம் கட்டைதான். எண்ணோடு 'வாய்க்கால்' வந்தால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய காலத்துப் பெயர். டிப்போச் சந்திக்கு விளக்கம் வேண்டாம். கரடிப்போக்குச் சந்திக்கு மட்டும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள், ஆனால் 'இப்படிச் சொல்கிறார்கள்' என்றே எழுதுங்கள்.

அப்புறம் வயதானவர்களிடம் போங்கள். "இதற்கு முன்பு என்ன பெயர்?" என்று கேட்டால் "இதே பெயர்தான்" என்பார்கள். "கலியாணம் முடித்து வந்தபோது பஸ்ஸில் எங்கே இறங்கினீர்கள், அம்மாச்சி?" என்று கேளுங்கள், பெயர் தானாக வரும். வருடமும் கேட்காதீர்கள். யாழ்தேவி ரயில் வராமல் போக முன்னமா பிறகா, போரில் டவுன் தண்ணீர்த் தாங்கி விழ முன்னமா பிறகா என்று கேளுங்கள். ரயில் 1990இல் நின்று 2013இல்தான் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது என்பதால் அதுவே நல்ல அளவுகோல்.

கடதாசிதான் கஷ்டம். 2008, 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்து ஓடியபோது சனம் பிள்ளையைத் தூக்கியதா, பழைய பெட்டியைத் தூக்கியதா? ஆனாலும் அடையாள அட்டை வைத்த பையில் காணிப் பேமிட்டும் போயிருக்கும். அதில் எல்லை எழுதிய இடத்தை மெதுவாக வாசியுங்கள். இன்னொன்று கலியாணக் கார்டு. இங்கே அழிந்தது கனடாவில் பெரியம்மாவின் அல்பத்துக்குள் இருக்கும், படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகவரியில் 'யாழ்ப்பாண மாவட்டம்' என்றிருந்தால் அநேகமாக 1984க்கு முந்திய கார்டு, அந்த வருடம்தான் கிளிநொச்சி தனி மாவட்டமானது. பழக்கத்தில் பிறகும் அப்படி எழுதியவர்கள் உண்டு, அதையும் யோசியுங்கள். பழைய பத்திரிகைகளுக்கு 'நூலகம்' இணையத்தளம் இருக்கிறது. மரண அறிவித்தல் பக்கத்தை விடாதீர்கள். செத்த வீட்டுக்கு வழி சொல்லும்போது யாரும் புதுப் பெயரைப் போடமாட்டார்கள்.

நான் விட்ட பிழை ஒன்று. ஒரு ஐயா 'புளியடி' என்றதும் எங்கள் சந்திதான் என்று பேத்தியின் கொப்பியில் எழுதிவிட்டேன். அவர் சொன்னது நாலு மைல் தள்ளி வேறொரு புளியடி. அதனால் பெயர் கிடைத்ததும், எதிரே என்ன கடை, கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டு, ஒரு துண்டில் அவர் முன்னாலேயே படமாகக் கீறுங்கள். என் படத்தைப் பார்த்த ஐயா பேனையை வாங்கி, கோயிலை வீதிக்கு மற்றப் பக்கம் போட்டார்.