ஒர்க்ஃப்ளோவுக்குப் பட்டியலைக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒர்க்ஃப்ளோ என்பது கணக்கீட்டுப் படிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தானாக ஓடவைக்கும் அமைப்பு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகிய நான்கு ஊர்களின் ஊரணிகளில் எடுத்த நீர் மாதிரிகளின் அளவீடுகளை ஒரு பட்டியலாகவும், ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தோம் என்ற நான்கு எண்களை இன்னொரு பட்டியலாகவும் ஒரே கணக்கீட்டுப் படிக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியவை 4 விடைகள், வெளிவருபவையோ 16.

ஒர்க்ஃப்ளோக்களை ஓட்டும் டவேர்னா மென்பொருளில், நாம் வேறு வழி சொல்லாதவரை, முதல் பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் இரண்டாம் பட்டியலின் ஒவ்வோர் உறுப்போடும் சேர்க்கப்படும்; அதே வகை மென்பொருளான ஸ்நேக்மேக்கின் எக்ஸ்பாண்ட் கட்டளையும் அப்படியே செய்யும். பிழைச் செய்தி எதுவும் வராததால், தேவகோட்டை நீரைப் பள்ளத்தூர் எண்ணால் பெருக்கிய விடையும் சரியான விடையைப் போலவே கோப்பில் உட்கார்ந்திருக்கும். எனவே படிகளை இணைப்பதற்கு முன்பே, இப்படி எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்ப்பதா, முதலாவதை முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு என ஜோடியாகச் சேர்ப்பதா என்று முடிவுசெய்து, ஜோடிதான் என்றால் டவேர்னாவில் டாட் புராடக்ட் என்றும் ஸ்நேக்மேக்கில் ஜிப் என்றும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

ஜோடி சேர்ப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. எண்களில் ஒன்று விடுபட்டு மூன்றே இருந்தால், ஸ்நேக்மேக் பயன்படுத்தும் பைத்தான் நிரல்மொழியின் ஜிப் குட்டையான பட்டியலோடு நின்றுவிடும். நான்காவது ஊரணி சத்தமில்லாமல் காணாமற்போகும். ஒர்க்ஃப்ளோக்களை எழுதுவதற்கான பொது மொழியான சி.டபிள்யூ.எல். இந்த இடத்தில் பிழை என்று சொல்லி நிறுத்திவிடுகிறது, அதுவே நல்ல வழக்கம் என்பது என் உறுதியான கருத்து. மற்றவற்றில் நீளங்களை ஒப்பிடும் வரியை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

சராசரி காணும் படியில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். முழுப் பட்டியலையும் வாங்க வேண்டிய உள்ளீட்டின் ஆழத்தை 1 (ஒரு பட்டியல்) என்று வைக்காமல் 0 (ஒற்றை மதிப்பு) என்றே விட்டதால், டவேர்னா அந்தப் படியை நான்கு முறை தனித்தனியாக ஓட்டியது; ஒவ்வோர் எண்ணும் தன் சராசரியாகத் தானே திரும்பி வந்தது. டவேர்னாவின் மேம்பாடு 2020இல் நின்றுவிட்டாலும், பழைய ஒர்க்ஃப்ளோக்களைத் திறப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆழத்தைத்தான்.

கோப்பின் கடைசியில் உள்ள வரிமுறிவால் வெற்று உறுப்பு ஒன்று சேர்வதும் அடிக்கடி நடப்பது; பைத்தானில் ஸ்ப்ளிட்லைன்ஸ் பயன்படுத்தினால் அது வராது.

நெக்ஸ்ட்ஃப்ளோ என்ற இன்னொரு ஒர்க்ஃப்ளோ மென்பொருளில் விடைகள் வரும் வரிசையை நம்பக் கூடாது. பணிகள் இணையாக ஓடுவதால் முதலில் முடிந்ததே முதலில் வெளிவரும். ஊரணியின் பெயரை ஒவ்வொரு மதிப்போடும் சேர்த்தே அனுப்பி, பிறகு அதன் ஜாயின் கட்டளையைக் கொண்டு அந்தப் பெயரை வைத்துப் பொருத்தினால், எது முந்தினாலும் கானாடுகாத்தான் நீர் கானாடுகாத்தான் எண்ணோடுதான் சேரும்.