ஏர் ரைபிள் குறி சிதறுகிறதா? முதலில் பெல்லட்டைப் பாருங்கள்

கடலூரில் 10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பழகும் பிள்ளைகள் பலர், குறி சிதறினால் உடனே துப்பாக்கியை மாற்ற நினைக்கிறார்கள். இலக்கு அட்டையின் நடுவில், பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர். அங்கே பெல்லட்டின், அதாவது துப்பாக்கியில் போடும் சின்ன ஈயக் குண்டின், பங்கு பெரிது.

டப்பாவில் 4.5 மி.மீ. என்று இருந்தாலும், தலைப்பகுதி 4.49, 4.50, 4.51 என்று வெவ்வேறு அளவில் கிடைக்கும். உங்கள் குழலுக்கு எது பொருந்தும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். தட்டைத் தலை பெல்லட்டில் ஒவ்வொரு அளவிலும் ஒரு டப்பா வாங்குங்கள். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, அளவுக்கு ஓர் அட்டை, அட்டைக்குப் பத்துக் குண்டு. டப்பா மாற்றியதும் முதல் நாலைந்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். என் துப்பாக்கியில் 4.50 அங்கங்கே சிதறியது. 4.49 போட்டதும் பத்தும் கொண்டைக்கடலை அளவு ஓட்டைக்குள் அடங்கிவிட்டன!

பின் விளிம்பு நசுங்கிய பெல்லட்டை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் ஈயம் வெளுத்துப்போகும். டப்பாவை இறுக மூடி வையுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

இதெல்லாம் அட்டை இலக்குக்கு மட்டும். கொக்கு, காட்டுமுயல் என்று குறிவைத்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.