அலர்ஜி சார்ட் கையில் வந்தால்

அமெரிக்க எமர்ஜென்சி நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளில் (சார்ட்) ஐசிடி-10-சிஎம் என்ற பட்டியலிலிருந்து நோய்க்கான குறியீடு (கோடு) சரியாகப் போட்டிருக்கிறதா என்று சென்னையில் உட்கார்ந்து ஆடிட் செய்வது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அலர்ஜி என்று கண்ணில் பட்டதும் கோடு தேடப் போகாதீர்கள். அதற்காகத்தான் இன்று வைத்தியம் நடந்ததா, இல்லை பழைய கதையா என்று பாருங்கள்.

கணுக்கால் சுளுக்கிக்கொண்டு வந்தவருக்கு வேர்க்கடலை ஆகாது என்று சார்ட்டில் இருந்தால் இசட்91.010, அதுவும் சுளுக்குக்குப் பின்னால்தான். கடலை சாப்பிட்டு அனாஃபிலாக்ஸிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி) வந்து, அதையே டாக்டரும் எழுதியிருந்தால் டி78.01எக்ஸ்ஏ.

சிக்கல் இங்கேதான். உதடு வீங்கியிருக்கும், பிரஷர் இறங்கியிருக்கும், தொடையில் எபிநெஃப்ரின் ஊசி போட்டிருப்பார்கள். கடைசியில் டாக்டர் "அலர்ஜிக் ரியாக்‌ஷன்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பார். கை துறுதுறுக்கும். ஆனாலும் அனாஃபிலாக்ஸிஸ் கோடு போடக் கூடாது. டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். "இது அனாஃபிலாக்ஸிஸ்தானே?" என்று வாயில் ஊட்டாமல், சார்ட்டில் இருக்கும் அறிகுறிகளையும் மருந்தையும் எடுத்துச் சொல்லி, எந்த வகை ரியாக்‌ஷன் என்று கேளுங்கள்.

கோடின் ஏழாவது எழுத்தான ஏ (A) என்பதை முதல் விசிட் என்று பலர் மனப்பாடம் செய்து வருகிறார்கள். அப்படியில்லை, அந்தப் பிரச்சினைக்கு நேரடியாக வைத்தியம் நடக்கும் வரை ஏ, குணமாகும் கட்டத்தில் டி (D).

மருந்து அலர்ஜியில் வரிசை முக்கியம். எழுதிக்கொடுத்த அமாக்ஸிசிலினைச் சரியாகச் சாப்பிட்டும் அலர்ஜியால் உடம்பெல்லாம் தடித்தால் முதலில் தடிப்புக்கான எல்50.0, அப்புறம் மருந்துக்கான டி36.0எக்ஸ்5ஏ. வேறு மாத்திரைக்குப் பதிலாக மருந்துக்கடையில் தவறுதலாக அமாக்ஸிசிலினை மாற்றிக் கொடுத்திருந்தால் அது பாய்சனிங் (நச்சுப் பாதிப்பு), டி36.0எக்ஸ்1ஏ முன்னால் வரும்.

அலர்ஜிக் ரைனைட்டிஸோடு (அலர்ஜியால் வரும் மூக்கழற்சி) ஆஸ்துமாவும் இருந்தால் ரைனைட்டிஸுக்கான ஜே30-ஐ விட்டுவிடுங்கள், ஆஸ்துமாவுக்கான ஜே45 மட்டும் போதும். வெளிநோயாளி சார்ட்டில் "சந்தேகம்" என்றிருந்தால் அறிகுறிக்குத்தான் கோடு.

ஐசிடி-10-சிஎம் ஒவ்வொரு அக்டோபர் 1 அன்றும் புதுப்பிக்கப்படும். பழைய கோடுகளை எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கும் சீட்டை அன்றைக்கே கிழித்துவிட வேண்டாம். செப்டம்பர் 30 அன்று பார்த்து அனுப்பிய நோயாளியின் சார்ட் இரண்டு நாள் கழித்துக் கைக்கு வந்தாலும் பழைய கோடுதான்.