மலைச்சாலை வண்டிக்கு டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றுதல்

கம்பத்திலிருந்து குமுளிக்கு அடிக்கடி ஏறி இறங்கும் எஸ்யூவியின் டிஃபரன்ஷியலுக்கு (அச்சின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி), கடுமையான பயன்பாட்டிற்கெனக் கையேட்டில் தனியாகத் தரப்பட்டிருக்கும் ஆயில் மாற்றும் இடைவெளியையே பின்பற்றுவது நல்லது. ஆயிலின் வகையையும் அளவையும் அதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பல வண்டிகளின் பின் அச்சுக்கு ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரத்தில் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 என்ற பாகுநிலை குறிப்பிடப்படும்.

சிறிது தூரம் ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்கிய பின், வண்டியைச் சமதளத்தில் மட்டமாகத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள நிரப்பும் போல்ட்டைத்தான். அது துருப்பிடித்து அசைய மறுத்தால், பழைய ஆயிலாவது உள்ளே இருக்கும். ஆயிலை வடிக்கும் கீழ் போல்ட்டை முதலில் திறந்துவிட்டவர் வண்டியை நகர்த்தவும் வழியின்றி நிற்பார்.

வடிந்த ஆயிலைக் கவனித்துப் பாருங்கள். காந்தமுள்ள போல்ட்டில் சாம்பல் நிறக் களிம்பு படிந்திருப்பது இயல்பான தேய்மானம். பல்சக்கரத்தின் பல் துண்டுகள் கிடைத்தால் மெக்கானிக்கிடம் செல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் ஓடைகளைக் கடந்த வண்டியில் ஆயில் பால்போல வெளுத்திருந்தால், தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். காற்றுப்போக்கிக் குழாயையும் சீல்களையும் சோதியுங்கள்.

புதிய வாஷருடன் கீழ் போல்ட்டை முடுக்கிவிட்டு, கையேடு வேறு அளவு சொல்லாவிட்டால், மேல் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும்வரை கைப்பம்பினால் நிரப்பி மூடவும். பழைய ஆயிலை மண்ணில் கொட்டாமல், கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.