கீ தீபகற்பத்தைப் பஸ்ஸிலேயே சுற்றுவது எப்படி?

ஒசாகாவுக்குத் தெற்கே கடலுக்குள் இறங்கிக் கிடக்கும் மலைநாடுதான் கீ தீபகற்பம். ரயில் கரையை ஒட்டி வளைந்து போய்விடுகிறது. குமானோ யாத்திரைப் பாதையின் நடுநாயகமான ஹோங்கு, வெந்நீர் ஊற்றுள்ள யுனோமினே, தோத்சுகாவா கிராமம் எதற்கும் ரயில் கிடையாது. கார் ஓட்டாதவர்களுக்குப் பஸ்தான் கதி. பல தடங்களில் நாளைக்கு மூன்று நான்கு வண்டிகள்தான். ஒன்றை விட்டால் அன்றைய திட்டமே கவிழ்ந்துவிடும். விசா, சிம் கார்டு, அறை பதிவு பற்றி எழுத ஏராளமானோர் இருக்கிறார்கள். இது பஸ்ஸுக்கு மட்டும்.

1. திரும்பும் வண்டியை முதலில் குறியுங்கள்

உள்ளே போக முக்கியமான வாசல்கள் மூன்று: மேற்கே கீ-தனாபே ரயில் நிலையம், கிழக்கே ஷிங்கு, வடக்கே யமாதோ-யாகி. நாச்சி அருவிக்கு மட்டும் கீ-கத்சுரா நிலையத்திலிருந்து தனி பஸ் உண்டு, அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தனாபேயிலிருந்து ஹோங்குவுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம்.

எந்த ஊருக்குப் போனாலும், அங்கிருந்து கிளம்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வண்டியையே உங்கள் வண்டியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். மலைப்பாதையில் நடக்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். யாத்திரைப் பாதையிலுள்ள சிறு கோயிலான ஹொஷின்மோன்-ஓஜியிலிருந்து ஹோங்கு கோயில் வரை ஏறக்குறைய 7 கி.மீ. மழை நனைத்த கற்படிகளில் நினைத்ததைவிட ஒரு மணி நேரம் கூடவே ஆகும்.

2. அட்டவணை வாசிப்பது

நேரம் தேட கூகுள் மேப்ஸ் போதும் என்று நினைக்காதீர்கள். சிறிய ஊர்ப் பஸ்கள் பல அதில் வருவதே இல்லை. நாவிடைம் செயலி கொஞ்சம் மேல். ஆனால் நம்பத் தகுந்தது பஸ் நிறுவனமே வெளியிடும் பி.டி.எஃப் அட்டவணைதான். தனாபே நகரக் குமானோ சுற்றுலாப் பணியகத்தின் இணையதளத்தில் ஆங்கில அட்டவணையும் கிடைக்கும். அதை இறக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குள் சிக்னல் போய்விடும். பல இடங்களில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நேரம் மாறும் என்பதால் கோப்பின் தலைப்பிலுள்ள தேதியையும் பாருங்கள்.

பலர் சறுக்குவது நாள் வகையில். "ஹெய்ஜித்சு" என்றால் வேலை நாள். "தோ-நிச்சி-ஷுகு" என்றால் சனி, ஞாயிறு, விடுமுறை. செவ்வாய்க்கிழமை அரசு விடுமுறை வந்தால் அன்றைக்கு ஓடுவது விடுமுறை அட்டவணை. பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் வண்டிகளும் உண்டு, கோடை விடுமுறையில் அவை நின்றுவிடும். "உன்க்யூ" என்ற சொல் கண்ணில் பட்டால் அந்த வண்டி ஓடாது. எழுத்து புரியாவிட்டால் போன் கேமரா மொழிபெயர்ப்பைக் காட்டுங்கள். ஒரு நேரத்தின் பக்கத்தில் சின்னக் குறி இருந்தால் கீழே விளக்கம் இருக்கும், அதையும் விடாமல் படியுங்கள்.

இன்னொன்று "கெய்யு", அதாவது 'வழியாக'. தனாபே–ஹோங்கு வண்டிகள் எல்லாமே யுனோமினே வழியாகப் போவதில்லை. போகும் ஊரின் பெயரை மட்டும் பார்த்து ஏறாதீர்கள்.

அதே தடத்தில் ரியூஜின், மெய்கோ என்று இரண்டு நிறுவனங்கள் ஓடுகின்றன. ஒன்றின் பாஸை வாங்கும் முன், அது மற்றதில் செல்லுமா என்று கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

3. சில்லறை

முந்தின நாளே 10,000, 5,000 யென் தாள்களை ஏதாவது கன்வீனியன்ஸ் ஸ்டோரில் உடைத்துவிடுங்கள். வண்டிக்குள் இருக்கும் இயந்திரம் 1,000 யென் தாளைத்தான் மாற்றும். ரயில், பஸ்ஸில் தொட்டுக் கட்டணம் கட்டும் ஐ.சி. கார்டு எல்லாத் தடத்திலும் செல்லும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். இங்கே அல்ல, தொலைவில் கியூஷு தீவிலுள்ள குமாமோட்டோவில் 5 பஸ் நிறுவனங்கள் 2024 நவம்பரில் நாடு தழுவிய கார்டுகளை ஏற்பதையே நிறுத்திவிட்டன. நேற்று சென்ற கார்டு இன்றைக்கும் செல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

4. ஏறுவதும் இறங்குவதும்

கண்டக்டர் கிடையாது. பெரும்பாலும் நடு அல்லது பின் கதவில் ஏறி முன் கதவில் இறங்க வேண்டும். ஒரே கதவுள்ள வண்டி என்றால் ஏற்றமும் இறக்கமும் முன்னால்தான்.

ஏறும்போது கதவோரம் ஒரு பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட துண்டுச் சீட்டு நீட்டிக்கொண்டிருக்கும். பெயர் "செய்ரிகென்". ஆளுக்கு ஒன்று எடுங்கள். நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. தொலைத்தால் வண்டி புறப்பட்ட இடத்திலிருந்தே கட்டணம் கேட்கலாம். புறப்படும் நிறுத்தத்தில் சில வண்டிகளில் சீட்டு வராது. பதற வேண்டாம், பலகையில் "கென் நாஷி", அதாவது 'சீட்டு இல்லை' என்ற கட்டம்தான் உங்களுடையது.

ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள பலகையில் ஒவ்வோர் எண்ணின் கீழும் ஒரு தொகை ஓடும், தூரம் கூடக் கூட அது ஏறும். இறங்கும் நேரத்தில் உங்கள் எண்ணின் கீழ் என்ன இருக்கிறதோ அதுதான் கட்டணம்.

இப்போது தடுமாறும் இடத்துக்கு வருவோம். கட்டணப் பெட்டியில் இரண்டு வேலைகள் நடக்கின்றன: ஒன்று சில்லறை மாற்றுவது, மற்றது கட்டணம் போடுவது. இரண்டின் வாயும் வேறு வேறு. பல பெட்டிகள் மீதி தராது. 970 யென் கட்டணம் என்று வையுங்கள். 1,000 யென் தாளைக் கட்டண வாயில் போட்டால் ஓட்டுநருக்கும் உங்களுக்கும் சங்கடம். முதலில் "ரியோகாயே" என்று எழுதிய மாற்று வாயில் தாளை விடுங்கள். பெரும்பாலும் 500 ஒன்று, 100 நான்கு, 50 ஒன்று, 10 ஐந்து கீழே கிண்ணத்தில் விழும். அதிலிருந்து 500, நான்கு 100, ஒரு 50, இரண்டு 10 எடுத்து, செய்ரிகென்னோடு சேர்த்துக் கட்டண வாயில் போடுங்கள். மூன்று 10 கையில் மிஞ்சும். 6 முதல் 11 வயதுவரையான குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம், அது 10 யென்னுக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படும்: 970-க்கு 490.

மாற்றும் வேலையை இறங்குவதற்குச் சில நிறுத்தங்கள் முன்பு, வண்டி நின்றிருக்கும்போது முடித்துவிடுங்கள். ஓடும்போது எழுந்தால் ஓட்டுநர் உட்காரச் சொல்வார்.

பிற்சேர்க்கை: நாணயம் திரும்பி வருகிறது என்று சிலர் கேட்டார்கள். 2021 நவம்பரில் வந்த, நடுவும் விளிம்பும் வேறு நிறத்தில் இருக்கும் 500 யென் நாணயத்தைப் பழைய பெட்டிகள் ஏற்காது. 2024 ஜூலையில் வந்த புதிய 1,000 யென் தாளுக்கும் இதே சிக்கல் வரலாம். 100 யென் நாணயங்களைத் தனிப் பையில் வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

5. யாகி–ஷிங்கு நெடும் பயணம்

நாரா கோத்சு நிறுவனத்தின் இந்தத் தடம், விரைவுச் சாலையைத் தொடாத உள்ளூர்ப் பஸ் தடங்களில் ஜப்பானிலேயே நீளமானது: 160 கி.மீ.க்கு மேல், 160-க்கும் அதிகமான நிறுத்தங்கள், ஏறக்குறைய ஆறரை மணி நேரம். கட்டணம் 5,000 யென்னைத் தாண்டும், எனவே 1,000 யென் தாள்கள் ஏழெட்டு வேண்டும். வண்டியில் கழிப்பறை இல்லை. கோஜோ, உஎனோஜி, தோத்சுகாவா வெந்நீர் ஊற்று ஆகிய மூன்று இடங்களில் இடைவேளை. உஎனோஜியில் 297 மீட்டர் நீளமுள்ள தானிசே தொங்குபாலம் பக்கத்திலேயே இருக்கிறது. காலடியில் 54 மீட்டர் பள்ளம், பலகைகள் ஆடும். நின்று பாருங்கள், ஆனால் மறுகரை வரை போய் வர ஆசைப்படாதீர்கள். ஓட்டுநர் சொல்லும் புறப்பாட்டு நேரத்தைப் போனில் அலாரமாக வையுங்கள்.

வளைவுகள் அதிகம். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொண்டு முன்பக்க இருக்கையில் உட்காருங்கள். பெரிய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். தக்யூபின் என்ற பார்சல் சேவையில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிட்டு, தோள்பையோடு போங்கள்.

6. மழை

கனமழையில் மழையளவு குறித்த வரம்பைத் தாண்டினால், மண் சரியும் முன்பே மலைச்சாலையை மூடிவிடுவார்கள். 2011 செப்டம்பர் புயலில் இந்தப் பகுதியில் நடந்த பெருஞ்சரிவுகளுக்குப் பிறகு யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. முந்தின இரவும் காலையும் பஸ் நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். வண்டி நின்றால் கரையோர ரயிலில் தனாபேக்கோ ஷிங்குவுக்கோ போய்விட முடிகிற மாதிரி, மழைக்காலத்தில் ஒரு இரவையாவது கடற்கரை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.