ஈறில் ரத்தம் வந்தால் பேஸ்ட்டை மாற்றாதீர்கள்

காலையில் பல் தேய்த்துத் துப்பினால் நுரை சிவப்பாக இருக்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? பேஸ்ட்டை மாற்றுகிறோம். கிராம்பு போட்டது, உப்பு போட்டது, வேம்பு போட்டது என்று வரிசையாக வாங்கிப் பார்க்கிறோம். அப்புறம் பிரஷ். அதுவும் சரிப்படாவிட்டால் ரத்தம் வரும் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிடுகிறோம். அங்கே இன்னும் அழுக்கு சேர்ந்து ஈறு இன்னும் வீங்குகிறது.

ஈறில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பல்லோரம் படிந்த காரைதான். ஸ்கேலிங் செய்து, அதாவது பல் டாக்டரிடம் அந்தக் காரையைச் சுரண்டி எடுத்து, ஒழுங்காகத் தேய்த்து வந்தால் ஓரிரு வாரத்தில் நின்றுவிடும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. காரைதான் சிமென்ட் மாதிரி பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். சுத்தம் செய்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை, ஈறில் அடிக்கடி சீழ் கட்டுகிறது, சொத்தையே இல்லாத பல் ஆடுகிறது என்றால் பல் டாக்டர் வேறொரு கேள்வி கேட்பார்: "கடைசியா சுகர் எப்போ பார்த்தீங்க?"

பல்லைக் காட்ட வந்த இடத்தில் சுகரைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எரிச்சல் வரும். ஆனால் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் ஈறுக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடுகின்றன, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன, வாயும் காய்கிறது. கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம். இது எதிர்த்திசையிலும் நடக்கும். ஈறில் மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும் அழற்சி உடம்பில் இன்சுலின் வேலை செய்வதையே தடுக்கிறது. மாத்திரை கூட்டியும் சுகர் இறங்கவில்லை என்று புலம்புகிற சிலருக்கு, ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்த மூன்று மாதத்தில் எச்பிஏ1சி அளவு (கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கொஞ்சம் இறங்குகிறது. பெரிய இறக்கம் இல்லை, அரைப் புள்ளிக்குள்தான். ஆனாலும் ஓர் இறக்கம். ஆகவே டாக்டர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் 126, அல்லது எச்பிஏ1சி 6.5, அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய் என்று பொருள். இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள்.

புகை பிடிப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. 'எனக்கு ரத்தமே வராது' என்று அவர்கள் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

அடுத்த தவறு, "வலிக்கிற பல்லை மட்டும் பாருங்க சார், வேலை இருக்கு" என்பது. நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி வைத்து நம் வாய் முழுவதையும் ஒருவர் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கிறது? ஈறும் நாக்கும் வெளுத்து, நாக்கு வழவழவென்று ஆகி, வாயோரம் வெடித்திருந்தால் இரும்புச்சத்து குறைவு என்று சந்தேகப்படலாம். நாக்கு சிவந்து எரிந்தால் பி12 வைட்டமின் குறைவு என்று சந்தேகப்படலாம். மேல் முன்பற்களின் உள்பக்கம் மட்டும் கரைந்திருந்தால் இரவில் வயிற்று அமிலம் மேலே ஏறி வருகிறதோ என்று கேட்பார். நெஞ்செரிச்சலே தெரியாதவர்களுக்கும் இது நடக்கும்.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். "ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், பல்லுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்ன் இரண்டுமே சிலருக்கு ஈறைத் தடித்து வளரச் செய்யும். ரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுவதை மறைப்பதும் தவறு, பல் பிடுங்கப் போகிறோமே என்று நாமாகவே நிறுத்துவதும் தவறு. பின்னது இன்னும் ஆபத்து. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். இதயத்தில் செயற்கை வால்வு இருந்தால் பல் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். எலும்பு மெலிவுக்கு வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் ஊசியைப் பலர் மறந்தே போகிறார்கள். அது தெரியாமல் பல்லைப் பிடுங்கினால், அபூர்வமாகத்தான் என்றாலும், தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகக்கூடும். பழைய மருந்துச் சீட்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

பாக்குப் போடுவதை மறைப்பதும் அதே வகைதான். புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் உடனே காட்டுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணும் அப்படித்தான். 'பல் குத்துது, அதான் புண்' என்று வருடக்கணக்கில் விட்டவர்கள் உண்டு. சதை எடுத்துச் சோதித்தால் பரவிவிடும் என்பதும், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் வெறும் கட்டுக்கதைகள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டு இருந்தால் அதைச் சாம்பலும் செங்கல் தூளும் வைத்துத் தேய்க்காதீர்கள். அது அழுக்கில்லை. பல் உருவாகும் வயதில் குடித்த நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருந்ததன் அடையாளமாக இருக்கலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால், அளவு கூடக் கூட எலும்பும் மூட்டும் பாதிக்கப்படலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இதுதான் காரணம். வீட்டில் இன்னும் போர் தண்ணீர்தான் என்றால் அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

கடைசியாக, பல் டாக்டரிடம் போகவே கூடாத ஒரு தாடை வலி. படி ஏறும்போது கீழ்த்தாடையில், பெரும்பாலும் இடப்பக்கம், வலித்து, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. பல்லைத் தட்டினால் வலிப்பதில்லை. இதயத்துக்கு ரத்தம் போதாதபோது வலி இப்படியும் வரும். அதற்காக நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லாதீர்கள், அன்றைக்கே ஈசிஜி எடுங்கள். வலி நிற்காமல் வியர்த்துக் கொட்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.